டைகரின் மேற்பூச்சு
முப்பத்தைந்தில் ஒன்று – 9

டைகர் டாங்கியின் உற்பத்தி 1942 ஆகஸ்டில் தொடங்கி 1944 ஆகஸ்டில் முடிந்தது. இந்த இரண்டு ஆண்டுகளில் பின்பாதி முழுவதும், கவசத்துக்கும் வண்ணத்துக்கும் நடுவே ஒரு பசைப்பூச்சு இருந்தது. அதன் பெயர் சிம்மரிட். அந்தக் காலத்து டைகரின் மாடலில் இந்தப் பூச்சு சரியாக அமையவில்லை என்றால், மேலே எவ்வளவு நேர்த்தியாக வண்ணம் அடித்தாலும் அது வேறொரு வண்டியாகவே நிற்கும்.

உடற்பகுதியும் சக்கரங்களும் சங்கிலிப் பட்டையும் முந்தைய பகுதிகளில் முடிந்தன. இந்த வாரத்துக்குச் சொல்லியிருந்தது வண்ணம். ஆனால் வண்ணம் அடிக்க முதலில் ஒரு பரப்பு வேண்டும். பின்காலத்து டைகருக்கு அந்தப் பரப்பே சிம்மரிட்தான்.

பூச்சின் நோக்கம் எளிமையானது. ஜெர்மானியக் காலாட்படையிடம் 1942 இறுதியில் ஒரு காந்தக் குண்டு வந்து சேர்ந்தது. மூன்று காந்தக் கால்களும் சுமார் 3 கிலோ எடையும் கொண்ட அது, டாங்கியின் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு வெடித்துக் கவசத்தைத் துளைக்கும். எதிரிகளும் இதே ஆயுதத்தைச் செய்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் ஜெர்மானியர்கள் தங்கள் டாங்கிகளுக்கு மாற்றுவழி தேடினர். காந்தத்தின் பிடி, இடைவெளி கூடக்கூட மிக விரைவாகத் தளரும். கவசத்தின் மேல் சில மில்லிமீட்டர் காந்தமில்லாப் பொருள் இருந்து, அதுவும் வரிவரியாக மேடு பள்ளமாக இருந்துவிட்டால், காந்தக் கால்கள் இரும்பைத் தொடவே முடியாது. அஞ்சிய தாக்குதல் பெரிய அளவில் வரவே இல்லை. இருந்தும் ஓராண்டுக்கு மேலாக ஆயிரக்கணக்கான கவச வண்டிகள் இந்தப் பூச்சோடுதான் போர்முனைக்குப் போயின.

பசையில் பெரும்பங்கு பேரியம் சல்பேட். ஏறத்தாழ நாற்பது விழுக்காடு. அதைப் பிணைக்கப் பாலிவினைல் அசிடேட், நிறத்துக்குக் காவி மஞ்சள், கூடவே துத்தநாக சல்பைடும் மரத்தூளும். தொழிற்சாலையில் செங்காவி ப்ரைமர் அடித்த கவசத்தின் மேல் முதல் பூச்சு மெல்லியதாகப் பூசப்படும். அது இறுகிய பிறகு இரண்டாம் பூச்சு. அது ஈரமாக இருக்கும்போதே பல் வைத்த கரணையால் வரி இழுக்கப்படும். பிறகு ப்ளோலாம்ப் சுடரைக் காட்டி உலர்த்துவார்கள். கடைசியில்தான் வண்ணம். இந்த வரிசை, அதாவது இரும்பு, செங்காவி, காவி மஞ்சள் பசை, அதற்கு மேல் வண்ணம் என்ற நான்கு அடுக்கு, மாடல் செய்பவர் கடைசி நாள் வரை மனத்தில் வைத்திருக்க வேண்டியது.

எந்த டைகருக்குப் பூச்சு, எதற்கு இல்லை என்பதைத் தேதியே முடிவு செய்கிறது. தொழிற்சாலைகளில் சிம்மரிட் பூசத் தொடங்கியது 1943 ஆகஸ்ட் இறுதியை ஒட்டி. நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது 1944 செப்டம்பரில். குண்டு பட்டால் பூச்சு தீப்பற்றுகிறது என்ற பேச்சு அதற்கு ஒரு காரணம். சோதித்துப் பார்த்ததில் அது உண்மையில்லை என்று தெரிந்தும் பூச்சு திரும்ப வரவில்லை. டைகரின் உற்பத்தியோ அந்த உத்தரவுக்கு முந்தைய மாதமே முடிந்துவிட்டது. இந்தத் தேதிகளை அருகருகே வைத்தால் ஒரு திடமான விதி கிடைக்கிறது: ரப்பர் விளிம்பு இல்லாத எஃகுச் சக்கரங்கள் டைகருக்கு வந்தது 1944 பிப்ரவரியில், ஆகவே ஆலையிலிருந்து எஃகுச் சக்கரத்தோடு வெளிவந்த டைகர் சிம்மரிட்டோடும் வந்தது. எஃகுச் சக்கரம் பூட்டி, வழுவழுப்பான சுவரோடு நிற்கும் மாடல் பிழையானது. ராஜ டைகரிலும் பாந்தரிலும் இப்படி ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது. அவற்றின் உற்பத்தி 1944 செப்டம்பருக்குப் பிறகும் நடந்ததால் இரு வகையும் உண்டு.

இங்கே அடிக்கடி வழிதவற வைப்பது, உலகிலேயே மிகுதியாகப் படம் பிடிக்கப்பட்ட டைகர்தான். இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இருக்கும் 131ஆம் எண் டைகர் 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிடிபட்டது. இன்றும் ஓடக்கூடிய டைகர் அது ஒன்றே. அதன் படங்கள் ஏராளம், அளவுகளும் கிடைக்கும். ஆனால் அது பூச்சுக்கு முந்தைய காலத்து வண்டி. சக்கரங்கள் ரப்பர் விளிம்பு கொண்டவை. தளபதியின் கூண்டும் 1943 ஜூலையில் மாறுவதற்கு முந்தைய உருளை வடிவம். 1944இன் நார்மண்டி டைகரைச் செய்பவர் 131ஐப் பார்த்து மேற்பரப்பை முடிவு செய்தால், ஓராண்டு முந்தைய வண்டியின் தோலை அதற்குப் போர்த்தியவர் ஆவார்.

பூச்சின் வரிகளும் ஆலைக்கு ஆலை வேறுபடும். காசல் நகரின் ஹென்ஷல் ஆலையில் உருவான டைகர்களில் கிடைமட்டமாக ஓடும் வரிகள். பெர்லினின் அல்கெட் ஆலை செய்த ஸ்டுக் என்ற தாக்குதல் பீரங்கி வண்டிகளில் வாஃபிள் கட்டங்கள். பிரவுன்ஷ்வைக் நகரின் மியாக் ஆலையில் சிறு சதுரங்கள். புகைப்படத்தில் வண்டியின் எண் தெரியாவிட்டாலும், சுவரின் வரியைப் பார்த்தே பிறந்த ஆலையைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். பூசாத இடங்களும் உண்டு. சக்கரம், சங்கிலிப் பட்டை, பீரங்கிக் குழாய், கூரைத் தகடுகள் ஆகியவற்றில் பூச்சு இராது. போவிங்டனில் உள்ள போர்ஷே சக்கர அமைப்பு கொண்ட யாக்ட்டிகர் என்ற டாங்கி வேட்டை வண்டியில், ஆள் கைக்கு எட்டும் உயரத்தோடு பூச்சு நின்றுவிடுகிறது.

இனி அளவு. மாடல் டாங்கி 35இல் ஒன்றாக அமைந்ததற்குக் காரணம் இரண்டு பேட்டரிகள். ஜப்பானின் ஷிசுவோகா நகரிலுள்ள தாமியா நிறுவனம் 1961இல் மோட்டாரில் ஓடும் பாந்தர் கிட்டைச் செய்தபோது, உள்ளே இரண்டு பேட்டரிகள் அடங்கும்படி உடலை அமைத்தது. அது நன்றாக விற்றது. மற்ற டாங்கிகளையும் அதே அளவில் செய்ய எண்ணி அளந்து பார்த்தபோது அது அசலில் ஏறத்தாழ 35இல் ஒரு பங்காக இருந்தது. உலகின் டாங்கி மாடல்களில் பெரும்பகுதி அந்த எண்ணையே பிடித்துக்கொண்டது. இந்தத் தொடரின் தலைப்பும் அந்தப் பேட்டரிகளுக்குக் கடன்பட்டது.

35ஆல் வகுத்தால் 8.45 மீட்டர் டைகர் 24 சென்டிமீட்டராகிறது, 100 மி.மீ. முன்கவசம் 2.9 மி.மீ. ஆகிறது. 4 மி.மீ. தடிமனுள்ள சிம்மரிட்டோ 0.11 மி.மீ. மட்டுமே, அது ஓர் அச்சுத்தாளின் தடிமன். எடைக் கணக்கு இதைவிட வியப்பானது. எடை நீளத்தைப் போல 35 மடங்கு குறைவதில்லை. 35இன் கனமான 42,875 மடங்கு குறைகிறது. ஒரு டைகருக்குச் செலவான பசை ஏறத்தாழ 200 கிலோ. அதை 42,875ஆல் வகுத்தால் 4.7 கிராம்! முழு டாங்கிக்கும் வேண்டிய புட்டி ஐந்து கிராமுக்கும் குறைவு. நகை எடை பார்க்கும் சிறு தராசு போதும், பூச்சு அளவோடு இருக்கிறதா என்று சொல்ல. குழைத்த புட்டியையும் மிஞ்சியதையும் நிறுத்துப் பார்த்து, 15 கிராம் ஒட்டியிருந்தால் பூச்சு மூன்று மடங்கு தடித்துவிட்டது என்று பொருள். கண்ணுக்குப் புலப்படாத பிழையைத் தராசு காட்டிக்கொடுக்கிறது.

செய்முறைகள் நான்கு. முதலாவது, இரண்டு பாகங்களைக் கலந்து பிசையும் எபாக்ஸி புட்டி. சுவரை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, புட்டியை ஈரவிரலால் இயன்றவரை மெல்லியதாகத் தேய்த்து, நுண்பல் கொண்ட இரம்பத் துண்டால் வரி பதிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு தகடு மட்டும். கருவியை அடிக்கடி தண்ணீரில் நனைத்தால் புட்டி ஒட்டாது. இரண்டாவது, கரைப்பான் சேர்த்துத் தளர்த்திய டியூப் புட்டி. இது மெல்லியதாக வரும், ஆனால் விரைந்து உலரும். மூன்றாவது, சூடேற்றிய முனையால் பிளாஸ்டிக்கிலேயே வரி பதிப்பது. இதில் கூடுதல் தடிமன் வராது. கை தவறினால் திருத்தவும் முடியாது. நான்காவது, ஆயத்தமாகக் கிடைக்கும் ரெசின் தகடுகளும் ஒட்டுத்தாள்களும். எந்த முறையானாலும், அசல் படத்தில் முன்தகட்டின் அடியிலிருந்து உச்சி வரை வரிகளை எண்ணி, அதே எண்ணிக்கையைப் பென்சிலால் மாடலில் குறித்துக்கொண்ட பிறகே கருவியைத் தொட வேண்டும். வரி முழு ஒழுங்கோடும் இருக்கக் கூடாது. அசலில் அது மனிதக் கை இழுத்தது; கரணை ஒவ்வொரு முறை எடுத்து வைக்கப்பட்ட இடமும் தெரியும்.

உதிர்ந்த இடங்களையும் புட்டி இறுகும் முன்பே செதுக்கிவிட வேண்டும். வண்ணத்தால் வரைந்த உதிர்வுக்கு ஆழம் வராது. பூச்சு பொடிப்பொடியாக உதிர்வதில்லை; சில்லுகளாகப் பெயரும். மூலைகள், இழுவைக் கொக்கிகளின் பக்கம், படையினர் ஏறி இறங்கும் விளிம்புகள், குண்டு பட்ட இடங்கள் ஆகியவையே அதற்கு உரியவை. பெயர்ந்த குழியில் தெரிவது பளபளக்கும் இரும்பு அல்ல, செங்காவி ப்ரைமர். குழியின் ஓரத்தில் பசையின் வெளிறிய காவி மஞ்சள் ஒரு மெல்லிய கோடாகத் தெரியும்.

புட்டி முழுவதும் இறுகிய பின் வண்ணத்தின் முதல் படி. 1943 பிப்ரவரிக்குப் பிந்தைய ஜெர்மானிய டாங்கிகளின் அடிவண்ணம் கரும்மஞ்சள். அதற்கு முன்பு கருஞ்சாம்பல். ஏர்பிரஷ்ஷில் வண்ணத்தை நன்றாக நீர்க்கச் செய்து, பல மெல்லிய பூச்சுகளாக, வரிகளுக்கு மேலிருந்தும் கீழிருந்தும் சாய்கோணத்தில் அடிக்க வேண்டும். கெட்டியாக அடித்தால் 0.11 மி.மீ. வரி வண்ணத்துக்குள் மூழ்கிவிடும். நிறத்தைச் சற்றே வெளிறச் செய்வதும் பொருந்தும்: 35 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து பார்க்கப்படும் மாடல், 12 மீட்டருக்கு அப்பால் நிற்கும் டாங்கிக்குச் சமம். கடைசியாக, நீர்த்த கரும்பழுப்பு எண்ணெய் வண்ணத்தைப் பள்ளங்களில் ஓடவிட்டால் வரிகள் எழுந்து நிற்கும்.

கரும்மஞ்சளுக்கு மேல் வரும் ஒலிவப் பச்சையும் செம்பழுப்பும் படைப்பிரிவுகளுக்குப் பசையாகவே போயின; படையினர் அவற்றைத் தண்ணீரிலோ பெட்ரோலிலோ கரைத்துத் தாங்களே அடித்துக்கொண்டனர். எதில் கரைத்தார்கள் என்பதைப் பொறுத்து நிறமும் அதன் ஆயுளும் மாறின. அந்த உருமறைப்பு வண்ணங்களும் அவற்றின் மேல் எண்களை ஒட்டும் முறையும் அடுத்த வாரம்.