பெட்டியில் இடம் இருக்கிறது, கம்பியில் இருக்கிறதா?

சித்திரை பிறப்பதற்கு முன்பே வெக்கை தாங்காமல் ஒன்றரை டன் ஏ.சி. ஒன்றை வாங்கிவந்து படுக்கையறைச் சுவரில் மாட்டிவிட்ட குடும்பத்தார், அதற்கு மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்ற பிரச்சினை எழும்போதுதான், வாசற்கதவுக்குப் பின்னால் இத்தனை வருஷமாகத் தூசி படிந்திருந்த டி.பி. பெட்டியைத் திறந்து பார்க்கிறார்கள். உள்ளே அணிவகுத்து நிற்கும் எம்.சி.பி.க்களுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் தகட்டால் மூடிய இரண்டு இடங்கள் காலியாக இருப்பதைக் கண்டதும், "இடம்தான் இருக்கிறதே, இன்னொன்றைப் போட்டுவிட்டால் போகிறது" என்று யாராவது சொல்லிவிடுகிறார். பெட்டியில் இடம் இருப்பது வாஸ்தவம். அந்த இடத்திலிருந்து புறப்படப் போகும் கம்பியைப் பற்றித்தான் ஒருவரும் கேட்பதில்லை.

எம்.சி.பி. என்பது ஏ.சி.யையோ ஃபிரிட்ஜையோ காப்பாற்றுவதற்காக வைத்த சாதனம் என்று நம்முள் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது பிரதானமாகக் காப்பது சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் கம்பியை. 1924-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹ்யூகோ ஸ்டோட்ஸின் தொழிற்சாலையில் உருவான மூல வடிவத்திலிருந்து இன்றுவரை அதன் தத்துவம் மாறவில்லை: வெவ்வேறு உலோகங்கள் இரண்டை ஒட்டிய பட்டை ஒன்று, அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் நீடித்தால் சூடேறி வளைந்து விசையைத் தட்டிவிடும், ஷார்ட் சர்க்யூட் நேர்ந்தாலோ, பட்டை சூடேறும்வரை காத்திராமல், கம்பிச்சுருள் ஒன்று காந்தமாகி க்ஷணத்தில் அதே விசையை இழுத்துவிடும். 16 ஆம்பியர் என்று பொறித்த எம்.சி.பி. 16-ஐத் தாண்டியவுடன் விழுந்துவிடும் என்பதும் தவறான நம்பிக்கையே. சுமார் 18 ஆம்பியரை ஒரு மணி நேரம் விழாமல் தாங்கவேண்டும், சுமார் 23 ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாகவேண்டும் என்பதுதான் அதற்கு வகுத்த பிரமாணம்.

ஆகவே முதலில் தீர்மானிக்க வேண்டியது கம்பி, எம்.சி.பி. அதற்குப் பின்னால் வருவது. விளக்குக்கும் மின்விசிறிக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும் 10 ஆம்பியரும், பவர் பிளக்குக்கு 2.5-உம் 16-உம், ஏ.சி.க்கு 4-உம் 20-உம் என்பது வீடுகளில் வழக்கமாகிவிட்ட ஜோடி. ஒன்றரை டன் ஏ.சி. ஓடும்போது இழுப்பது ஏறக்குறைய 7, 8 ஆம்பியர்தான் என்றாலும், பழைய வகைக் கம்ப்ரஸர் கிளம்பும் வேளையில் அதைப்போல் பல மடங்கு இழுக்குமாதலால், மதிப்பின் 5 முதல் 10 மடங்கில்தான் காந்தவிசை இயங்கும் 'சி' வகை எம்.சி.பி.யைப் போடுவார்கள். ஏற்கெனவே அடுக்களைக்குப் போகும் பழைய 2.5 கம்பியிலேயே ஏ.சி.யையும் கோத்து, எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதே என்று 32 ஆம்பியராக மாற்றிக்கொடுப்பவர்களும் உண்டு. கம்பியில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப்போல் பெருகுவதால், ஓட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். முன்னாளில் பீங்கான் ஃபியூஸ் கட்டையில் நாலு இழை செப்புக்கம்பியை முறுக்கிப் போட்டோமே, அதே அக்கிரமம் இப்போது பிளாஸ்டிக் வேஷத்தில் வந்திருக்கிறது.

பல்பும் ஃபியூஸும் மாற்றுவது போன்ற சில்லறைக் காரியங்களைத் தவிர, வயரிங்கில் புதிதாக ஒன்றைச் சேர்க்கும் வேலையை அரசு உரிமம் பெற்றவர்களே செய்யவேண்டும் என்பது இந்தியாவின் மின் பாதுகாப்பு விதி; அதைச் சம்பிரதாயமாக எண்ணலாகாது. மெயின் சுவிட்சை அணைத்தவுடன் பெட்டி முழுவதும் செத்துவிட்டது என்று நினைப்பதே பெரும் அபாயம். மீட்டரிலிருந்து வரும் கம்பி மெயின் சுவிட்சின் உள்வாய்வரை கரண்டோடுதான் நிற்கும். அதிலும் மின்வெட்டுக் காலத்தில் வீடுதோறும் குடியேறிய இன்வெர்ட்டர் ஒன்று இருக்கிறதே, வாரியத்து மின்சாரம் நின்றதும் தன் கடமையைச் செவ்வனே செய்து, அதே பெட்டியின் வேறொரு மூலையில் 230 வோல்ட்டைக் கொண்டுவந்து வைத்துவிடும்! நல்ல எலக்ட்ரீஷியன் இரண்டையும் அணைத்துவிட்டு, பாக்கெட்டில் செருகிய டெஸ்டரை மட்டும் நம்பாமல், வேலை செய்கிறதென்று அப்போதே சோதித்தறிந்த மீட்டரால் ஒவ்வொரு முனையையும் அளந்த பிறகே கை வைப்பார்.

பிறகு நடக்கும் வேலை பார்வைக்கு அற்பமானது. எம்.சி.பி.யின் திருகுக்குக் கீழே சிறு உலோகக் கூண்டு ஒன்று இருக்கிறது. கூண்டுக்குள் நுழைய வேண்டிய கம்பி அதன் வெளிப்புறத்தில் நழுவிப்போய், திருகை எவ்வளவு முடுக்கினாலும் பிடிபடாமலே அமர்ந்துவிடக்கூடும். முடுக்கியபின் கம்பியை ஒருமுறை இழுத்துப் பார்ப்பவர் தொழில் தெரிந்தவர். பார்க்காமல் விட்ட லூஸ் கான்டாக்ட் பல நாள் கழித்து, கருகிய பிளாஸ்டிக் நெடியாகத் தன்னை அறிவித்துக்கொள்ளும்; மின்னோட்டம் அளவுக்குள்ளேயே இருப்பதால் அந்தச் சூட்டை எம்.சி.பி. நம்பகமாகக் கண்டுகொள்ளாது.

நியூட்ரல் கம்பிக்குத் தனி ஜாக்கிரதை வேண்டும். மனிதரை ஷாக்கிலிருந்து காப்பது எம்.சி.பி. அன்று, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும் ஆர்.சி.சி.பி.தான். ஃபேஸில் போன மின்னோட்டம் அத்தனையும் நியூட்ரல் வழியே திரும்புகிறதா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருப்பதால், புதிய சர்க்யூட்டின் நியூட்ரலை அந்த ஆர்.சி.சி.பி.க்குரிய நியூட்ரல் லிங்கில் இணைக்காமல், மூன்று ஃபேஸ் பெட்டியில் பக்கத்து ஃபேஸின் லிங்கில் முடுக்கிவிட்டால், ஏ.சி. போட்ட கணமே வீடு இருண்டுவிடும். அப்போது ஆர்.சி.சி.பி. கெட்டுவிட்டது என்று சொல்லி, அதைத் தவிர்த்து நேர் இணைப்புக் கொடுக்க முன்வருபவருக்குக் கூலியைக் கொடுத்து அனுப்பிவிடுவது உத்தமம்.

எல்லாம் முடிந்ததும் ஆர்.சி.சி.பி.யின் 'டி' பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்று பார்த்து, புதிய எம்.சி.பி.யின் மேல் 'படுக்கையறை ஏ.சி.' என்று எழுதி ஒட்டவேண்டும். மிஞ்சியிருக்கும் காலி இடத்துக்கு அந்தப் பிளாஸ்டிக் தகட்டை மறுபடி மாட்டச் சொல்லுங்கள். கதகதப்பைத் தேடிவரும் பல்லிக்கு அந்தச் சந்து தாராளமாகப் போதும்.