பால் பெருகியும் புரதம் எட்டவில்லை: நீரிழிவின் வாசலில் 13.6 கோடி பேர்

புதுதில்லி: உலகிலேயே அதிகமாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. 2023-24-ல் நாட்டின் பால் உற்பத்தி சுமார் 23.9 கோடி டன். தலைக்கு நாளொன்றுக்கு 471 கிராம் என்பது அரசின் கணக்கு. ஆனால், சர்க்கரை நோய் பெருகுவதைத் தடுக்கத் தேவையான புரதம் பெரும்பாலான இந்தியரின் தட்டில் இல்லை என்பதை ஆய்வுகள் உணர்த்துகின்றன.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன், சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷன் ஒருங்கிணைத்து நடத்திய 'இண்டியாப்' ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய நிலையில் இருப்பதாகவும் அந்த ஆய்வு மதிப்பிட்டது. இந்த இரண்டாவது பிரிவினரே முக்கியமானவர்கள். உணவையும் உடலுழைப்பையும் சீர்செய்தால், இவர்களில் பலர் நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும்.

அரிசியும் கோதுமையும்

அதே ஆய்வின் ஒரு பகுதியாக 18 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் உணவு ஆராயப்பட்டு, 2025 செப்டம்பரில் அறிக்கை வெளியானது. இந்தியர் பெறும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதத்தின் பங்கு 12 சதவீதமே. அதிலும் பெரும்பகுதி தானியங்கள், பருப்பு வகைகளிலிருந்து கிடைப்பது. பால் பொருள்களின் புரதம் 2 சதவீத அளவுக்குத்தான் உள்ளது.

மாவுச்சத்தில் 5 சதவீதக் கலோரியைக் குறைத்து, அந்த இடத்தில் பால் அல்லது பருப்பு போன்றவற்றின் புரதம் இருந்தால், நீரிழிவுக்கும் அதன் முந்தைய நிலைக்கும் வாய்ப்பு குறைவதாகத் தெரிய வந்துள்ளது. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல், தீட்டிய அரிசிக்குப் பதில் முழுக்கோதுமை அல்லது சிறுதானிய மாவுக்கு மாறுவதால் மட்டும் அத்தகைய பலன் காணப்படவில்லை. 2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய நாட்டில் இது கவனத்துக்குரிய முடிவாகும்.

எப்படிச் செயல்படுகிறது?

பால் திரியும்போது கட்டியாகப் பிரிவது கேசின்; தெளிந்த நீரில் தங்குவது வே புரதம். பசும்பாலின் புரதத்தில் சுமார் 80 சதவீதம் கேசின், 20 சதவீதம் வே. வே புரதம் விரைவில் செரித்து, கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது. குடலில் ஜி.எல்.பி.-1 போன்ற ஹார்மோன்களைச் சுரக்கச் செய்து, இரைப்பையிலிருந்து உணவு இறங்கும் வேகத்தையும் மட்டுப்படுத்துகிறது. இதனால் உணவுக்குப் பின் ரத்தச் சர்க்கரை சட்டென ஏறுவது தணிகிறது.

இந்தியா உள்ளிட்ட 21 நாடுகளில் நடந்த 'ப்யூர்' ஆய்வு 2020-ல் வெளியிட்ட முடிவிலும், தினமும் இருமுறைக்குக் குறையாமல் பால் பொருள்களை உட்கொள்வோரிடம் நீரிழிவு சற்றுக் குறைவாகவே தோன்றியது. ஆனால், இவ்வகை ஆய்வுகள் தொடர்பைக் காட்டுமே தவிர, காரணத்தை நிரூபிக்காது. தயிர் தொடர்பான இத்தகைய வாசகத்தை 2024 மார்ச்சில் அனுமதித்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும், சான்றுகள் குறைந்த அளவிலேயே உள்ளன என்ற நிபந்தனையையும் சேர்த்தது.

எனவே, பால் மருந்தாகிவிடாது. சர்க்கரை கொட்டிய லஸ்ஸியும் பால்கோவாவும் இந்தக் கணக்கில் சேரா. டப்பாக்களில் விற்கும் புரதப் பொடிகளைத் தவிர்க்குமாறு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் அறிவுறுத்தியது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

ரேஷன் கடையில் எது?

நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு 5 சதவீதம் என்பது 100 கலோரி. அதாவது 25 கிராம் புரதம். பாலிலிருந்து மட்டும் பெறுவதானால் ஏறத்தாழ முக்கால் லிட்டர் வேண்டும். 2022-23-ம் ஆண்டு நுகர்வுச் செலவு ஆய்வின்படி, கிராமக் குடும்பங்கள் தானியத்துக்குச் செலவிட்டது 4.91 சதவீதம், பாலுக்கும் பால் பொருள்களுக்கும் 8.33 சதவீதம். ஏழைக் குடும்பங்களால் இதற்குமேல் செலவிட இயலாது.

2013-ம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் சுமார் 81 கோடி பேருக்கு உரிமையாக்கியது தானியத்தை மட்டுமே. பசியை விரட்டுவதில் அச்சட்டத்தின் பங்கு மறுக்க முடியாதது. ஆனால் பருப்போ பாலோ அதில் இடம்பெறவில்லை. தமிழகம் போன்ற சில மாநிலங்கள் தம் சொந்த முயற்சியில் மானிய விலையில் பருப்பு வழங்குகின்றன. கூட்டுறவுச் சங்கங்களில் மிகுந்த பாலைப் பள்ளிக் குழந்தைகளுக்கு வழங்கும் 'க்ஷீர பாக்யா' திட்டத்தைக் கர்நாடகம் 2013-ல் தொடங்கியது.

மத்திய அரசு 2022 ஜூலையில் உறையிலிட்ட தயிருக்கும் மோருக்கும் 5 சதவீத ஜி.எஸ்.டி. விதித்தது. 2025 செப்டம்பரில் பொதியிட்ட பன்னீர் மீதான வரியை முற்றிலும் நீக்கியது. வரிக் குறைப்பு, வாங்கும் சக்தி உள்ளவர்களுக்கே பயன்படும். வெண்மைப் புரட்சி உற்பத்தியாளருக்கு வாழ்வளித்தது. அதன் பயன் ஏழைகளின் தட்டுக்கும் எட்ட வேண்டுமானால், உணவுப் பாதுகாப்பு என்பதன் பொருளை நாடாளுமன்றம் விரிவுபடுத்தியாக வேண்டும். 13.6 கோடி பேரும் நோயாளிகளான பிறகு ஆகும் மருத்துவச் செலவோடு ஒப்பிட்டால், அது பெரிய சுமையாக இராது.