சிறுக்கத் தெரியாத ஆலை

சிமென்ட் சூளையை நினைத்த நேரத்தில் அணைத்து, நினைத்த நேரத்தில் மூட்ட முடியாது. அரியலூர், பெரம்பலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் விற்பனை மந்தமானால், சூளையில் வெந்து வரும் கட்டிகளான கிளிங்கரைக் குவித்து வைத்து, பிறகு அரைத்துக்கொள்ளலாம். போட்டோ ஃபிலிம் ஆலைக்கு அந்த வசதியும் கிடையாது. ஃபிலிம் கிடங்கில் இருக்கும்போதே மெல்ல மெல்ல உணர்திறனை இழக்கும். பெட்டியிலேயே காலாவதித் தேதி அச்சாகியிருக்கும்.

வெள்ளி உப்பின் நுண்படிகங்களை ஜெலட்டினில் கலந்து பிளாஸ்டிக் தாளின்மேல் பூசினால் ஃபிலிம். சொல்ல எளிது. வெள்ளி நைட்ரேட்டும் பொட்டாசியம் புரோமைடும் கலக்கும்போது வெப்பமோ வேகமோ சற்றுப் பிசகினால் படிகத்தின் அளவு மாறும். அதோடு ஃபிலிமின் வேகமும், அதாவது ஒளியை உணரும் திறனும், மாறும். பூச்சு நடப்பது கும்மிருட்டில். ஒரு மீட்டருக்கு மேல் அகலமான தாள் இடைவிடாமல் ஓட, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய அடுக்குகள் அதன்மேல் சீராகப் படிய வேண்டும். ஓட்டம் சீராகும் வரை போகிற தாளெல்லாம் கழிவுதான். கொஞ்சமாக ஓட்டினாலும் நிறைய ஓட்டினாலும் இந்தத் தொடக்கக் கழிவு பெரிதாகக் குறையாது. தேவை பாதியாகிறது என்பதற்காகச் செலவும் பாதியாகிவிடாது. சிக்கலின் வேர் இங்கேதான்.

தூசியற்ற குளிர்ந்த காற்றை நாடி ஊட்டியில் அமைந்தது இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். 1960-இல் தொடங்கிய இந்தப் பொதுத்துறை நிறுவனத்தில் 1967-இல் உற்பத்தி ஆரம்பமானது. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருளும் எக்ஸ்ரே ஃபிலிமும் அச்சுத்தாளும் வெளிவந்தன. இறக்குமதியையே நம்பியிருந்த நாட்டுக்கு அது பெரிய சாதனை என்றே நான் கருதுகிறேன். பிறகு வண்ணப்படம் பரவிக் கறுப்பு வெள்ளையின் சந்தை சுருங்கியது. எக்ஸ்ரேயை நம்பிப் பெருங்கடனில் பாலியெஸ்டர் ஃபிலிம் ஆலை எழுந்தது. 1990-களில் இறக்குமதி தாராளமானதும் வெளிநாட்டுச் சரக்கோடு விலையில் மோத முடியவில்லை; வட்டி ஏறிக்கொண்டே போனது. அந்தப் பத்தாண்டின் நடுவிலேயே அது நலிவுற்ற நிறுவனமாகிவிட்டது. டிஜிட்டல் வந்து சேர்வதற்கு முன்பே அடி விழுந்துவிட்டது என்பதை மறந்துவிடக் கூடாது.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. இங்கிலாந்தின் இல்ஃபோர்டு 2004-இல் திவால் நிலைக்குப் போனது. அதன் நிர்வாகிகளே கறுப்பு வெள்ளைப் பிரிவை வாங்கி, அளவைக் குறைத்துக் காப்பாற்றினார்கள். கோடாக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டது. இத்தாலியின் ஃபெரானியாவில் மூடிக்கிடந்த பெரிய ஆலையை ஓட்டிக் கட்டுப்படியாகாது என்று கண்ட இளைஞர்கள், பழைய ஆராய்ச்சிக்கூடத்தின் சிறிய பூச்சு இயந்திரத்தை மீட்டெடுத்தார்கள். 2017-இல் அதிலிருந்து கறுப்பு வெள்ளை ஃபிலிம் மறுபடி விற்பனைக்கு வந்தது.