கருவியைக் கவனிக்கச் சொன்ன பேராசிரியர்



பேசுவதற்கு நாவையும் எழுதுவதற்குக் கையையும் இறைவன் நமக்குத் தந்தார். அவற்றோடு மனிதன் கடிதம், தொலைபேசி, வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசி என ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டான். இவற்றின் வழியாக என்ன பேசுகிறோம் என்பதை நாம் கவனிக்கிறோம். இவை நம்மை என்ன செய்கின்றன என்பதைக் கவனிக்கிறோமா? அதைக் கவனிக்கும்படி உலகுக்குச் சொன்னவர் கனடா நாட்டுப் பேராசிரியர் மார்ஷல் மக்லூகன் ஆவார்.

அவரைப் பற்றி நாங்கள் அறிந்ததே ஒரு சண்டையினால்தான்! எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, கணக்கு நோட்டைத் திருப்பித் தர இரண்டு நாள் ஆகும் என்று அம்மாவின் கைப்பேசியிலிருந்து மற்றொருத்திக்கு வாட்ஸ்அப்பில் எழுதினாள். "சரி" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. 'கோபித்துக்கொண்டாள்' என்று இவள் எண்ணினாள். 'ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்?' என்று அவள் எண்ணினாள். பத்து நாட்கள் இருவரும் பேசவில்லை.

இதை அறிந்த எங்கள் சிஸ்டர், நன்னெறி வகுப்பில் பதில் எழுதியவளை எழுப்பி, அதே சொல்லை வாயால் சொல்லச் சொன்னார்கள். அவள் சிரித்துக்கொண்டே "சரி" என்றாள். வகுப்பே சிரித்துவிட்டது. "சொல் மாறவில்லை, அது வந்த வழிதான் மாறியது" என்று சொல்லி, சிஸ்டர் இப்பேராசிரியரின் கதையைத் தொடங்கினார்கள்.

இளமையும் ஆசிரியப் பணியும்

மக்லூகன் 1911-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் கனடாவின் எட்மன்டன் நகரில் பிறந்தார். வின்னிபெக் நகரில் வளர்ந்தார். இவருடைய தாயார் எல்சி பேச்சுக்கலை கற்பித்தவர். மனிட்டோபா பல்கலைக்கழகத்திலும், பின்பு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் இவர் ஆங்கில இலக்கியம் பயின்றார்.

1936-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தத் தொடங்கினார். அங்கே ஒரு சங்கடம். மாணவர்களைவிட அவர் சில வயதே மூத்தவர். ஆயினும் அவர்களுடைய பேச்சும் ரசனையும் அவருக்கு விளங்கவில்லை. 'இவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று அவர் சலித்துக்கொள்ளவில்லை. மாணவர்கள் பார்க்கும் விளம்பரங்களையும் படக்கதைகளையும் திரைப்படங்களையும் தாமே படிக்கத் தொடங்கினார். ஆசிரியரே மாணவரானார்! அவருடைய ஆராய்ச்சி முழுவதற்கும் இதுவே வித்து.

செஸ்டர்டன் என்னும் எழுத்தாளரின் நூல்களால் ஈர்க்கப்பட்டு 1937-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். 1946 முதல் 1979 வரை டொரான்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புனித மிக்கேல் கல்லூரியில் பணியாற்றினார். அங்கே பழைய வண்டிக் கொட்டகை ஒன்று அவருடைய ஆய்வு மையமாயிற்று. திங்கட்கிழமை மாலைகளில் அங்கே கூடி விவாதிக்க மாணவர்களும் வெளியாரும் ஆவலுடன் வருவார்கள்.

அவர் கற்பித்தது என்ன?

ஒரு மின்விளக்கை எண்ணிப் பாருங்கள். அதில் எழுத்தும் இல்லை, பேச்சும் இல்லை. ஆயினும் அது வந்த பின் இரவிலும் அறுவை சிகிச்சை நடக்கிறது. விளையாட்டுப் போட்டி நடக்கிறது. நாமும் தேர்வுக்குப் படிக்கிறோம். மனித வாழ்க்கையையே மாற்றியது விளக்கு. ஆகவே, ஒரு கருவி கொண்டுவரும் செய்தியைவிட, அந்தக் கருவி நம் வாழ்வில் செய்யும் மாற்றமே பெரிய செய்தி என்றார் மக்லூகன். 1964-இல் வெளியான நூலில் இதை விரிவாக விளக்கினார்.

1962-இல் வந்த மற்றொரு நூலில், அச்சு இயந்திரம் மனிதனை மாற்றிய விதத்தை ஆராய்ந்தார். முற்காலத்தில் ஒருவர் வாய்விட்டுப் படிக்கப் பலர் கூடியிருந்து கேட்டனர். அச்சுப் புத்தகம் பெருகியதும் அவரவர் தனியே அமர்ந்து மௌனமாகப் படிக்கும் பழக்கம் வளர்ந்தது. மின்சாரக் கருவிகளோ மனிதரை மறுபடியும் ஒன்றுகூட்டி, உலகையே ஒரு கிராமம் ஆக்குகின்றன என்றார். ஆனால் கிராமம் என்றால் அன்பு மட்டுமே இருக்கும் என்று அவர் எண்ணவில்லை. அடுத்த வீட்டை எட்டிப் பார்ப்பதும், வம்பும் வழக்கும் அங்கே உண்டல்லவா? அவையும் வரும் என்று எச்சரித்தார்.

நான்கு கேள்விகள்

மக்லூகன் தம் மகன் எரிக்குடன் சேர்ந்து உருவாக்கிய நூல் ஒன்று அவர் மறைந்த பின் 1988-இல் வெளிவந்தது. எந்தக் கருவியைப் பார்த்தாலும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும் என்கிறது அந்நூல். நாங்கள் அவற்றைக் கரும்பலகையில் எழுதி, கைப்பேசியைக் கொண்டு விடை கண்டோம்.

அது எதை வளர்க்கிறது? தொலைவில் உள்ளவரோடு பேசும் வசதியை வளர்க்கிறது.

எதை ஒதுக்குகிறது? கடிதத்தை ஒதுக்குகிறது.

மறைந்துபோன எதை மீட்டுத் தருகிறது? வெளியூரில் இருக்கும் பாட்டியின் கதை சொல்லும் குரலைப் பேரப்பிள்ளைகளுக்கு மீட்டுத் தருகிறது.

அளவு மீறினால் எதுவாக மாறுகிறது? இந்தக் கேள்விக்குத்தான் வகுப்பில் அமைதி நிலவியது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு தோழி, "ஒரே வீட்டில் நால்வரும் நான்கு மூலையில் இருப்பதாக மாறுகிறது" என்றாள். யாரும் மறுக்கவில்லை.

இறுதி நாட்கள்

1979 செப்டம்பரில் மக்லூகனைப் பக்கவாதம் தாக்கியது. பேச்சாலேயே உலகைக் கவர்ந்தவர் பேசும் திறனை இழந்தார். மறு ஆண்டு அவருடைய ஆய்வு மையமும் மூடப்பட்டது. 1980 டிசம்பர் 31-ஆம் நாள், தமது 69-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். ஆனால் அவர் விதைத்தது மடியவில்லை. மையம் பின்னர் மீண்டும் தொடங்கப்பட்டது. அவரிடம் பயின்ற இயேசு சபைக் குரு வால்டர் ஆங், பேச்சும் எழுத்தும் மனித மனத்தை மாற்றும் விதத்தை ஆராய்ந்து புகழ்பெற்றார். இணையம் பரவிய பின் மக்லூகனின் நூல்களை மக்கள் மீண்டும் தேடிப் படித்தனர்.

முடிவுரை

கைப்பேசியைத் தூக்கி எறியும்படி மக்லூகன் சொல்லவில்லை. அது நம்மை என்ன செய்கிறது என்று விழிப்போடு பார்க்கவே சொன்னார். அதன் பயனாக எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் ஏற்பட்டுள்ளது. மகிழ்ச்சியான செய்தியை எப்படி வேண்டுமானாலும் அனுப்பலாம். வருத்தமான செய்தியை மட்டும் நேரில், முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். சண்டையிட்ட தோழியர் இருவரும் இப்போது ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கிறார்கள். கணக்கு நோட்டு இருவருக்கும் நடுவில் இருக்கிறது!

பெற்றோரே, தோழியரே, நாமும் இன்று இரவு கைப்பேசியைச் சற்று ஓரமாக வைத்துவிட்டு, அருகில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுவோமா?