பழைய தேருக்குப் புதுப் பலகை

பச்சைமலையை ஒட்டிய ஊர் அரும்பாவூர். பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை வட்டம். இங்கும் பக்கத்துத் தழுதாழையிலும் சாமி சிலை, வாகனம், தேர்ச் சிற்பம் என்று மரத்தில் செதுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. வாகை, மா, வேம்பு போன்ற மரங்களில், பெரும்பாலும் ஒரே கட்டையில் உருவத்தைக் குடைந்தெடுப்பது இவர்களது தனித்தன்மை. 2020-ல் அரும்பாவூர் மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இந்தத் தொழிலில் மிகுந்த பொறுமை கேட்கும் வேலை, பழைய தேரில் உளுத்த சிற்பப் பலகையை மட்டும் கழற்றி, அதற்கு இணையாகப் புதியது செய்து பொருத்துவது.

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் ராமநவமித் திருவிழாவையொட்டித் தேரோட்டம் நடக்கும். அங்கு மட்டுமல்ல, எந்த ஊர்த் தேரும் வீதியில் ஓடுவது சில நாள்தான். ஆண்டின் மீதி நாளெல்லாம் நிலையில் நிற்கும்போது வெயிலும் ஈரமும் கரையானும் மரத்தைத் தின்கின்றன.

மாற்றுப் பலகைக்கு முதலில் பார்க்க வேண்டியது மரத்தின் இனம். இலுப்பை இருந்த இடத்தில் இலுப்பை, தேக்கு இருந்த இடத்தில் தேக்கு. அதிலும் வெளிறு நீக்கிய வைரப் பகுதி. அடுத்தது ஈரம். மரம் உலரும்போது நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை, அகலவாக்கில்தான் சுருங்கும். பச்சை மரத்தைச் செதுக்கி இறுக்கிவிட்டால், சில கோடைகளில் இடைவெளி விழும், சிற்பத்தின் முகத்திலேயே வெடிப்பு ஓடும். பழைய பலகையின் ரேகை ஓடும் திசை, கனம், செதுக்கின் ஆழம் ஆகிய மூன்றும் ஒத்துவந்தால்தான் பக்கத்துச் சிற்பங்களோடு நிழல் சரியாக விழும்.

ஐரோப்பாவில் பழைய மாளிகைச் சுவர்களின் ஓக் பலகைகளுக்கு இணை செய்யும் தச்சர்களுக்கும் இதே கவலைதான். சட்டத்தின் காடியில் பலகையைப் பசையில்லாமல் செருகி, அது விரியவும் சுருங்கவும் இடம் விடுகிறார்கள். புது ஓக்கை மூடிய அறையில் அம்மோனியா ஆவியில் வைத்தால், மரத்திலுள்ள டானின் வினைபுரிந்து, பல காலம் பழகியதுபோல நிறம் கறுக்கும். 2019-ல் தீயில் கருகிய பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தின் கூரையையும் கோபுரத்தையும் மீட்க சுமார் 2,000 ஓக் மரங்கள் தேவைப்பட்டன. கூரை உத்தரங்களைப் பழைய முறைப்படி கோடரியால் செதுக்கினார்கள். 2024 டிசம்பரில் ஆலயம் திறந்தது.

நம் தேர்த் திருப்பணிகளுக்கும் அந்த நிதானம் தேவை. விழாத் தேதியை வைத்து அவசரப்படுத்தாமல், மரம் உலரும் காலத்தையும் சேர்த்தே வேலைக்கு நாள் குறிக்க வேண்டும். கெட்ட பலகையை மட்டும் மாற்றி, மற்றவற்றைத் தொடாமல் விட வேண்டும். கழற்றிய பழைய சிற்பத்தை விறகாக்காமல் கோயிலிலேயே பாதுகாத்தால், அடுத்த முறை உளி பிடிப்பவருக்கு அளவெடுக்க அசல் கையில் இருக்கும்.