முதற் கணிப்பொறி மொழி

கணிப்பொறியை இயக்கும் மொழிகள் பல. அவற்றுள் முதலிற் கற்கத்தக்கது யாது? அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிக் கணிதப் பேராசிரியர்களான கெமனி, குர்ட்ஸ் என்னும் இருவரும் இவ்வினாவை ஆராய்ந்தனர். அக்காலத்து மொழிகள் அறிவியல் பயிலாத மாணாக்கர்க்கு எட்டாக்கனியாய் இருந்தன. ஆதலின் 'அச்சிடுக', 'செல்க' எனப் பொருள்படும் எளிய ஆங்கிலச் சொற்களால் 'பேசிக்' என்னும் மொழியை அவர்கள் அமைத்தனர். 1964 ஆம் ஆண்டு மே முதல் நாள் விடியற்காலையில் அது முதன்முதலாக இயங்கிற்று. மாணாக்கர் தட்டச்சுக் கருவியின்முன் அமர்ந்து, தாம் இட்ட ஏவலின் விடையை அப்பொழுதே கண்டனர். பிழை நேரின் தாமே திருத்தினர். புதிதாய்க் கற்பார்க்கு இதனினும் பெரிய ஊக்கம் வேறில்லை. எனினும், வேண்டிய வரிக்கெல்லாம் தாவச் செய்யும் 'செல்க' என்னும் ஏவல் ஒழுங்கற்ற பழக்கத்தை ஊட்டும் என அறிஞர் சிலர் கடிந்தனர். சுவிட்சர்லாந்து அறிஞர் விர்த், முறையாக எண்ணப் பயிற்றுதற்கென்றே 1970 இல் 'பாஸ்கல்' மொழியை வெளியிட்டார்.