முப்பது ஆண்டுத் தேடலும் முக்கால் டன் புதையலும்

புதையல் என்றதும் பாட்டி சொன்ன கதைகள் நம் நினைவுக்கு வரும். பாம்பு காக்கும் பானை, வெற்றிலையில் மை தடவிப் பார்க்கும் மந்திரவாதி, நள்ளிரவில் மண்வெட்டியுடன் புறப்படும் பேராசைக்காரன் ஆகியோர் இல்லாத புதையல் கதை அரிது. மை தடவிய வெற்றிலையில் புதையல் தெரிவதில்லை. ஆனால் ஒரு கம்பிச்சுருளும் சில மின்கலங்களும் கொண்ட எளிய கருவி, மண்ணுக்கு அடியில் மறைந்து கிடக்கும் உலோகத்தை உணர்த்திவிடும். இக்கருவியின் துணைகொண்டு இருவர் ஒரே புதையலை ஏறத்தாழ 30 ஆண்டுகள் தேடி, 2012-ஆம் ஆண்டில் கண்டெடுத்தனர். கருவி எவ்வாறு வேலை செய்கிறது? கண்டுபிடிக்க ஏன் அத்தனை ஆண்டுகள் ஆயின? புதையலைக் கண்டதும் அவர்கள் தோண்டுவதை ஏன் நிறுத்தினர்? இவற்றை இங்கே காண்போம்.

ஜெர்சித் தீவின் வயல்

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே உள்ள ஆங்கிலக் கால்வாயில் ஜெர்சி என்னும் சிறு தீவு உள்ளது. பிரெஞ்சுக் கரையிலிருந்து அது சுமார் 22 கிலோமீட்டர் தொலைவுதான். இத்தீவைச் சேர்ந்த ரெக் மீட், ரிச்சர்ட் மைல்ஸ் என்னும் நண்பர்கள் உலோகம் காணும் கருவியுடன் வயல்களைச் சுற்றுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருந்தனர்.

ஒரு விவசாயி முற்காலத்தில் தம் நிலத்தில் வெள்ளிக் காசுகளைக் கண்டார் என்னும் செய்தி அவர்கள் காதுக்கு எட்டியது. அதைச் சொன்னவர் அந்த விவசாயியின் மகள். எந்த இடம் என்பது திட்டமாகத் தெரியவில்லை. நிலமோ பயிர் விளையும் நிலம். அறுவடை முடிந்து அடுத்த விதைப்புக்கு முன், ஆண்டுக்குச் சில மணி நேரமே தேட முடிந்தது. ஆண்டுகள் உருண்டோடின. 2012-இன் தொடக்கத்தில் சுமார் 60 பழங்காசுகள் கிடைத்தன. அவர்கள் நம்பிக்கை வலுத்தது. அவ்வாண்டு ஜூன் மாதம், ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து கருவி வலிமையான ஒலி எழுப்பியது.

ஒலி எழுவது எப்படி?

'மெட்டல் டிடெக்டர்' என்று வழங்கும் இக்கருவியின் அடிப்படை, மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் ஆகும். மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தில் ஒரு மின்கடத்தியை வைத்தால் அதில் மின்னோட்டம் உண்டாகும் என்பது பள்ளி மாணவர் அறிந்த பாடம்.

நீண்ட கைப்பிடியின் கீழ்முனையில் உள்ள வட்டத் தட்டில் இரண்டு கம்பிச்சுருள்கள் உள்ளன. முதற்சுருள் அனுப்பும் சுருள். அதில் நொடிக்குச் சில ஆயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் எழும் காந்தப்புலமும் அதே வேகத்தில் மாறி மாறி மண்ணுக்குள் ஊடுருவுகிறது. மண்ணில் காசு ஒன்று கிடந்தால், அதனுள் சிறு சிறு சுழல் மின்னோட்டங்கள் தோன்றுகின்றன. ஆற்றுநீரில் தோன்றும் சுழலைப்போல் இவை வட்டமாகச் சுற்றுவதால் இப்பெயர் பெற்றன. இன்று பல வீடுகளில் உள்ள மின்தூண்டல் அடுப்பு பாத்திரத்தைச் சூடாக்குவதும் இச்சுழல் மின்னோட்டங்களால்தான்.

இச்சுழல் மின்னோட்டங்கள் தம் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. அதை உணர்வது இரண்டாம் சுருள். முதற்சுருளின் புலம் இதை நேரடியாகப் பாதிக்காதவாறு, இரு சுருள்களும் ஒன்றன்மேல் ஒன்று ஓரளவு படியும்படி அமைக்கப்பட்டிருக்கும். ஆகவே உலோகம் இல்லாத இடத்தில் இரண்டாம் சுருள் மௌனமாக இருக்கும். உலோகம் குறுக்கிட்டதும் சமநிலை குலைந்து காதணியில் ஒலி கேட்கும்.

உலோகம் எது என்பதையும் கருவி ஓரளவு ஊகிக்கும். வெள்ளி, செம்பு போன்ற நற்கடத்திகளில் உண்டாகும் மின்னோட்டம் எளிதில் அடங்குவதில்லை. எனவே அவை அனுப்பும் பதில் அலை சற்றுப் பின்தங்கி வருகிறது. காந்தத் தன்மையுள்ள இரும்பின் பதில் வேறு வகையாக இருக்கும். இந்தக் காலத் தாமதத்தை அளந்து, துருப்பிடித்த ஆணியையும் வெள்ளிக் காசையும் கருவி பிரித்தறிகிறது. ஆனால் தங்க மோதிரத்துக்கும் அலுமினியத் தகட்டுத் துண்டுக்கும் வேறுபாடு காண இயலாமல் அது பலமுறை ஏமாறும்.

போர்க்களத்திலிருந்து வயலுக்கு

இக்கருவி பிறந்தது புதையலுக்காக அன்று. 1881-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிய குண்டைக் கண்டறிய, தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் இத்தகைய கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். அது பயன் தரவில்லை. குண்டு வலப்பக்கம் இருப்பதாக நம்பிய மருத்துவர் அப்பக்கத்தை மட்டுமே சோதிக்க விட்டார். குண்டு இருந்ததோ இடப்பக்கம். கட்டிலில் இருந்த உலோகச் சுருள்வில்களும் கருவியைக் குழப்பின.

இரண்டாம் உலகப்போரில், போலந்து நாட்டு இராணுவ அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி, ஒரு வீரர் கையில் ஏந்திச் செல்லக்கூடிய கண்ணிவெடி காணும் கருவியை உருவாக்கினார். 1942-இல் எல் அலமைன் போரில் அது பயன்பட்டது. பிற்காலத்தில் கருவி சிறுத்து, விலை குறைந்து, சாதாரண மக்கள் கைக்கு வந்தது.

ஏன் முப்பது ஆண்டுகள்?

கருவி இத்தனை திறமையுடையதாயின், ஒரு வயலில் புதையலைக் காண ஏன் இத்தனை காலம்? நேரம் குறைவு என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் இயற்பியலில் உள்ளது.

சுருளின் அகலத்தைவிட ஆழம் மிகும்போது, அது எழுப்பும் காந்தப்புலம் தொலைவின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. அதாவது தொலைவு இரு மடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். காசிலிருந்து திரும்பி வரும் புலமும் அவ்வாறே எட்டில் ஒரு பங்காகிறது. போகும்போது எட்டில் ஒன்று, வரும்போது மீண்டும் எட்டில் ஒன்று. ஆகவே ஆழம் இரு மடங்கானால் பதில் 64-இல் ஒரு பங்காகிறது. ஆழம் மும்மடங்கானால் அது 729-இல் ஒரு பங்காகிவிடும்! ஒரு சாண் ஆழத்தில் தெளிவாக ஒலிக்கும் காசு, மூன்று சாண் ஆழத்தில் ஊமையாகிவிடுவது இதனால்தான்.

ஆனால் பொருளின் அளவு பெருகினால் பதிலும் விரைவாகப் பெருகும். அகலம் நான்கு மடங்கானால் பதில் ஏறத்தாழ 64 மடங்காகும். எனவே தனிக்காசு கேளாத ஆழத்திலிருந்தும் பெருங்குவியல் ஒன்று கேட்கும். ஆனால் கருவி அதற்கு நேர்மேலே வரவேண்டும். பரந்த வயலில் இரண்டு மீட்டர் தள்ளி நடந்தாலும் குவியல் பேசாது. சிதறிய 60 காசுகள் செய்த உதவி, எங்கே நடக்க வேண்டும் என்று காட்டியதே.

மண்வெட்டியைக் கீழே வைத்தனர்

ஒலி கேட்ட இடத்தைத் தோண்டியபோது, மண்ணுடன் சில காசுகள் வந்தன. கீழே காசுகள் ஒன்றோடொன்று ஒட்டிய பாறை போன்ற பெருங்கட்டி தெரிந்தது. முப்பது ஆண்டுகள் காத்திருந்த கைகள் அந்த நேரத்தில் என்ன செய்யத் துடித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களோ தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தொல்பொருள் வல்லுநருக்குச் செய்தி அனுப்பினர்.

வல்லுநர்கள் அந்தக் கட்டியைச் சுற்றி மண்ணை அகற்றி, உடைக்காமல் பாரந்தூக்கியால் முழுமையாகத் தூக்கினர். அதன் நீளம் சுமார் 140 சென்டிமீட்டர், அகலம் 80, தடிப்பு 20. எடை ஏறத்தாழ முக்கால் டன். அதில் 30,000 முதல் 50,000 காசுகள் வரை இருக்கலாம் என்று முதலில் மதிப்பிட்டனர்.

காசுகளை ஒட்டவைத்த பசை எது? அவை வெள்ளியும் செம்பும் கலந்த காசுகள். ஈரமண்ணில் செம்பு முதலில் அரிக்கப்பட்டுப் பச்சைநிற உப்புகளாக மாறும். அவை பக்கத்துக் காசுகளுக்கு இடையே பரவி இறுகிவிட்டன. இந்தச் செம்பு உப்புகளால் ஒரு நன்மையும் உண்டு. அவை நுண்ணுயிர்களுக்கு நஞ்சு. விவசாயிகள் பயிர்நோய்க்கு மயில்துத்தம் தெளிப்பது இக்காரணத்தால்தான். ஆகவே சாதாரண மண்ணில் சில ஆண்டுகளில் மக்கிப்போகும் தோலும் தாவரப் பகுதிகளும் இக்கட்டிக்குள் இரண்டாயிரம் ஆண்டுகள் நிலைத்தன.

பாதுகாப்பு வல்லுநர் நீல் மாரரும் குழுவினரும் 2014 முதல் இக்கட்டியைப் பிரிக்கத் தொடங்கினர். பொதுமக்கள் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்க்க, அருங்காட்சியகத்திலேயே வேலை நடந்தது. ஒவ்வொரு காசும் கட்டியில் இருந்த இடத்தை லேசர் கருவியால் அளந்து கணிப்பொறியில் பதிந்த பின்னரே அதை எடுத்தனர். கடைசிக் காசு 2017 ஜனவரியில் வெளிவந்தது. மொத்தம் 69,347 காசுகள்! 1935-இல் இதே தீவில் கிடைத்த பெரும் குவியலில் இருந்தவை 11,000-க்குச் சற்று மேல்தான். கழுத்தில் அணியும் தங்கக் காறைகளும், கண்ணாடி மணிகளும், தோற்பையும் உடன் கிடைத்தன. இப்புதையலை ஜெர்சி அரசு 2021-இல் 42½ இலட்சம் பவுண்டு கொடுத்துத் தீவுக்கே உரிமையாக்கியது.

காசு சொல்லும் கதை

காசுகளில் பெரும்பாலானவை கோரியோசொலிட்டே என்னும் கெல்டிய இனத்தாருடையவை. இன்றைய பிரான்சின் பிரிட்டனிப் பகுதியில் வாழ்ந்தவர்கள் அவர்கள். காசுகள் புதைக்கப்பட்டது கி.மு. முதல் நூற்றாண்டில். அந்நூற்றாண்டில்தான் ஜூலியஸ் சீசரின் படைகள் அந்நிலத்தை வென்றன. ஓர் இனத்தாரின் பெருஞ்செல்வம் கடல் கடந்து இச்சிறு தீவின் மண்ணுக்குள் ஏன் போயிற்று என்று வரலாற்றறிஞர் ஆராய்கின்றனர். எக்காசுக்கு மேல் எக்காசு, காறைகள் குவியலின் எப்பகுதியில், பையில் இருந்தது எது என்பனவெல்லாம் அவர்களுக்குச் சான்றுகள். அள்ளிச் சாக்கில் கொட்டியிருந்தால் காசுகள் மிஞ்சியிருக்கும்; சான்றுகள் ஒன்றுகூட மிஞ்சியிரா.

இங்கிலாந்தில் நடந்த இரு நிகழ்ச்சிகள் இவ்வுண்மையை நன்கு விளக்கும். 1992-இல் ஹாக்ஸ்னி என்னும் சிற்றூரில் எரிக் லாஸ் என்பவர், நண்பர் தொலைத்த சுத்தியலைக் கருவியுடன் தேடினார். கிடைத்தது உரோமானியர் காலப் புதையல். அவரும் தோண்டுவதை நிறுத்திச் செய்தி சொன்னார். ஏறத்தாழ 15,000 காசுகள் கிடைத்ததுடன், அவற்றை வைத்திருந்த மரப்பெட்டியின் அமைப்பும், அதற்குள் பொருள்களை அடுக்கிய விதமும் தெரிய வந்தன. அந்தச் சுத்தியலும் பின்னர்க் கிடைத்தது!

2015-இல் ஹியர்ஃபோர்டுஷயர் மாவட்டத்தில் வேறிருவர் வைக்கிங் காலப் புதையலைக் கண்டு, மறைத்துக் காசுகளை விற்றனர். சுமார் 300 காசுகள் இருந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. 2019-இல் அவர்களுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டபோது மீட்கப்பட்டிருந்தவை 31 மட்டுமே. அவற்றுள் சில காசுகளில் வெசெக்ஸ் அரசர் ஆல்ஃபிரடும் மெர்சியா அரசர் செயோல்வுல்ஃபும் அருகருகே அமர்ந்துள்ளனர். இரு அரசர்களிடையே நட்புறவு இருந்தமைக்கு இவை அரிய சான்றுகள். விற்றுச் சிதறி மீட்கப்படாத காசுகளில் இன்னும் என்னென்ன செய்திகள் இருந்தன என்பதை அறிய வழி இல்லை.

உலோகம் காணும் கருவி தன் சுருளுக்குக் கீழே உலோகம் இருக்கிறது என்ற ஒரே செய்தியைத்தான் சொல்லும். அதை யார் புதைத்தார், எப்போது, எதற்கு அஞ்சி என்பதெல்லாம் சுற்றியுள்ள மண்ணில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த மண்ணை ஒரு முறைதான் படிக்க முடியும். தோண்டியபின் அது கலைந்துவிடும். ரெக் மீட்டும் ரிச்சர்ட் மைல்ஸும் முப்பது ஆண்டுகள் பொறுத்திருந்தனர். காசுகள் கண்ணில் பட்ட அந்தச் சில நிமிடங்களிலும் அவர்கள் பொறுத்ததால்தான், 69,347 காசுகளுடன் அவற்றின் வரலாறும் நமக்குக் கிடைத்தது.